கோரோ மறந்த பாட்டிகள்

இன்றைக்கு நாம் பேசப்போவது ஒரு சினிமாவைப் பற்றி. அந்தச் சினிமா சொல்லாமல் விட்ட வரலாற்றைப் பற்றி என்றும் சொல்லலாம். படத்தின் பெயர் 'வேல் ரைடர்'. தமிழில் இப்படி எழுதினால் ஏதோ முருகன் படம் மாதிரி இருக்கும். இது அந்த வேல் இல்லை, ஆங்கிலத்தில் திமிங்கிலத்தைச் சொல்கிற வேல். திமிங்கிலத்தின் மேல் ஏறி வருகிறவர் என்று பொருள். நியூசிலாந்துப் படம், 2002இல் வந்தது. இயக்கியவர் நிக்கி காரோ. மாவோரி எழுத்தாளர் விட்டி இஹிமைரா 1987இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், கிழக்குக் கடற்கரையில் ஃபாஙாரா என்று ஒரு சிற்றூர். அங்கே தலைமைக் குடும்பத்தில் இரட்டைக் குழந்தை பிறக்கிறது, ஒரு ஆண், ஒரு பெண். தாயும் ஆண் குழந்தையும் பிரசவத்திலேயே இறந்துவிடுகிறார்கள். தப்பிப் பிழைத்த பெண் குழந்தைக்கு அப்பா வைக்கிற பெயர் பைக்கேயா. அது அந்த ஊரின் மூதாதை பெயர், ஆண் பெயர். தாத்தாவுக்கு இது பிடிக்கவே இல்லை. மாவோரி மொழியில் தாத்தாவைக் கோரோ என்று கூப்பிடுவார்கள். கோரோவுக்கு வேண்டியது அடுத்த தலைவனாக ஒரு பேரன். வந்தது பேத்தி. அப்பா ஊரை விட்டுப் போய்விட, பேத்தியைத் தாத்தாவும் பாட்டியும்தான் வளர்க்கிறார்கள்.

படத்தில் ஒரு காட்சி. தாத்தா படகின் மோட்டாரைக் கிளப்பப் பார்க்கிறார். பேத்தி பக்கத்தில் நின்று, நம்ம முன்னோர்கள் யாருன்னு கேட்கிறாள். தாத்தா கையில் இருக்கிற கயிற்றைக் காட்டுகிறார். பல புரி சேர்ந்துதான் கயிறு, அதேபோல முன்னோர் ஒவ்வொருவரும் ஒரு புரி, எல்லோரும் பின்னிப் பிணைந்துதான் நமக்குப் பலம் என்கிறார். அப்புறம் அதே கயிற்றை மோட்டாரில் சுற்றி இழுக்கிறார், அறுந்துபோகிறது. வேறு கயிறு எடுத்துவர உள்ளே போகிறார். திரும்பி வருவதற்குள் பேத்தி அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டு, இழுத்து, மோட்டாரைக் கிளப்பிவிடுகிறாள். சந்தோஷத்தில் தாத்தாவைக் கூப்பிடுகிறாள். அவர் பாராட்டவில்லை. ஆபத்து, இனிமேல் இப்படிச் செய்யாதே என்கிறார்.

படம் மொத்தமும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. அந்தக் கயிற்றில் பெண்கள் எத்தனை புரி என்று தாத்தா ஒருமுறை எண்ணிப் பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அதைத்தான் இந்த எபிசோடில் பார்க்கப்போகிறோம். ஏன்னா, உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் புரிந்துகொண்டது, 'ஆயிரம் வருஷத்து ஆணாதிக்க மரபை ஒரு சின்னப் பெண் உடைத்தாள்' என்பதுதான். அந்தக் கடற்கரையின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் கதை அப்படி இல்லை.

அதற்கு முன்னால் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபாஙாரா இருக்கிற பகுதி ஙாத்தி போரோ என்கிற இனக்குழுவின் மண். நம் அரிச்சுவடியில் ஙகரம் இருக்கிறது, 'ஙப்போல் வளை' சொல்லிக்கொடுத்த பிறகு அதை வைத்துத் தொடங்குகிற சொல் தேடினால் கிடைக்காது. மாவோரியில் அந்த ஒலியில் தொடங்குகிற பெயர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் டபிள்யூ–ஹெச் என்று எழுதுவதை அவர்கள் பெரும்பாலும் ஃப என்று உச்சரிப்பார்கள். அதனால்தான் ஃபாஙாரா.

சரி, பைக்கேயா யார்?

பாலினீசிய மூதாதை நாடான ஹவாய்க்கியில் உவெனுக்கு என்று ஒரு பெருந்தலைவர். அவருக்கு உயர்குலத்துப் பெண்ணிடம் பிறந்த மகன் கஹுத்தியா-தே-ராஙி. தாழ்ந்த நிலைப் பெண்ணிடம் பிறந்த இன்னொரு மகன் ருவாத்தாப்பு. தாய்வழியைச் சொல்லி அப்பாவே தன்னை அவமானப்படுத்தியதை ருவாத்தாப்புவால் தாங்க முடியவில்லை. உயர்குலத்து அண்ணன் தம்பிகளை எல்லாம் ஒரு படகில் ஏற்றி நடுக்கடலுக்குக் கூட்டிப்போய் படகை மூழ்கடித்துவிடுகிறான். தப்பியது கஹுத்தியா-தே-ராஙி மட்டும். திமிங்கிலத்தின் துணையோடு கரை சேர்கிறான், அதன் பிறகு அவன் பெயர் பைக்கேயா. கடைசியில் வந்து தங்குகிற இடம் ஃபாஙாரா. இன்றைக்கும் அந்த ஊர்ப் பொதுமன்றத்தின் முகட்டில், திமிங்கிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பைக்கேயாவின் மரச்சிற்பத்தைப் பார்க்கலாம். படத்திலும் அதே கட்டடம்தான் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. இந்த இரண்டு சகோதரர்களுக்கும் அப்பா ஒருவர்தான். ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன் என்று முடிவானது அம்மாவால். ஆண்வழித் தலைமுறைக்குக் கோரோ ஆதாரமாகக் காட்டுகிற அதே புராணம், தாய் யார் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. இன்னொன்றும் உண்டு. கரையேறி வந்த பைக்கேயா அந்தக் கடற்கரையில் ஃபிரோனுயி என்கிற தலைவரின் மகள் ஹுத்துராஙியை மணக்கிறான். அவள் குடும்பம் அவனுக்கு முன்பே அங்கே வந்து குடியேறிவிட்டது. அதாவது வந்தேறியான மாப்பிள்ளைக்கு மண்ணில் வேர் கிடைத்தது மனைவி வழியாக. பிற்காலத்தில் ஙாத்தி போரோ என்ற பெயருக்கே காரணமான போரோராஙி இவர்கள் வம்சத்தில் வருகிறவர். படத்தில் ஹுத்துராஙி கதையில் வருவதே இல்லை.

ஙாத்தி போரோ பகுதியில் பெண்ணின் பெயரைத் தாங்கிய பொதுமன்றங்களும் குலங்களும் பல உண்டு. ஹினேரூப்பே, ருவாத்தாவ்பாரே, இரித்தேக்குரா, இவர்கள் எல்லாம் பெண்கள். குலத்தின் பெயரே பாட்டி பெயர் என்றால், அந்தப் பாட்டி அடுப்படியில் மட்டும் உட்கார்ந்திருந்தவளாக இருக்க முடியாது இல்லையா.

புராணத்தை விட்டு எழுத்தில் பதிவான காலத்துக்கு வருவோம். 1800களின் தொடக்கத்தில், ஃபாஙாராவுக்குக் கொஞ்சம் வடக்கே, இன்று டோலகா விரிகுடா என்று சொல்கிற ஊவாவா பகுதியில் ஹினேமத்தியோரோ என்கிற பெண் இருந்தார். ஆரிக்கி என்ற மிக உயர்ந்த தகுதி அவருக்கு. அவர் புகழ் வெகுதூரம் வடக்கே, ஐரோப்பியர்கள் வந்திறங்கிய தீவுகள் விரிகுடா வரை எட்டியிருந்தது. அவர்கள் காதில் விழுந்து எழுதிவைத்த சொல் 'ராணி'. 1820களில் வடக்கிலிருந்து ஙாப்புஹி இனத்தார் துப்பாக்கியோடு படையெடுத்து வந்தபோது, படகில் தப்பிப்போகும் வழியில் கடலில் மூழ்கி இறந்தார். அவருடைய பேரன் தே கானி-ஆ-தாக்கிராவ். 1850களில் மாவோரிகள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு அரசர் வேண்டும் என்று தேடியபோது, நீங்கள் இருங்கள் என்று இவரிடமும் கேட்டார்கள், இவர் மறுத்துவிட்டார். பாட்டியின் தகுதி பேரனுக்கு வந்ததை அந்தக் காலத்தில் யாரும் விநோதமாக நினைக்கவில்லை.

இஹிமைராவுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அவர் அந்தப் பக்கத்து கிஸ்பர்ன் நகரத்தில் 1944இல் பிறந்தவர். நாவலை எழுதும்போது அமெரிக்காவில், நியூயார்க்கில், நியூசிலாந்து அரசின் தூதரக அதிகாரி. அங்கே ஹட்சன் ஆற்றுக்குள் ஒரு திமிங்கிலம் நீந்தி வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சொந்த ஊரின் பைக்கேயா ஞாபகம் வந்தது. கூடவே அவருடைய மகள்களின் புகார் வேறு: சினிமாவில் எப்பவும் பையன்தான் வீரன், பெண்ணைக் காப்பாற்றத்தான் ஆள் வரணுமா? இந்த இரண்டும் சேர்ந்து நாவலானது.

நாவலில் வரும் பாட்டி நானி ஃப்ளவர்ஸ், படத்தில் வருகிற பாட்டியைவிட வாய்க்காரி. கணவரிடம் சண்டை வரும்போதெல்லாம் தன் மூதாதை முரிவாயை இழுப்பார். முரிவாய் யார் தெரியுமா? மாத்தாத்துவா என்கிற பெரும்படகில் வந்த முதல் குடியேறிகளில் ஒருத்தி. படகு கரை சேர்ந்ததும் ஆண்கள் எல்லாம் இறங்கி நிலத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். பெண்களோடு படகு அலையில் அடித்துக்கொண்டு போகத் தொடங்கியது. துடுப்பைப் பெண்கள் தொடக்கூடாது, அது தாப்பு, விலக்கு. அப்போது ஒருத்தி, நான் ஆணாக நின்று செய்கிறேன் என்று சொல்லித் துடுப்பை எடுத்துப் படகைக் கரை சேர்த்தாள். அது முரிவாய் என்று சில வழிகள் சொல்லும், அவளுடைய அண்ணன் மகள் வைராக்கா என்று சில வழிகள் சொல்லும். அந்த இடத்தின் பெயரே ஃபகாத்தானே ஆகிவிட்டது. ஆணாக நடந்துகொள்வது என்று அர்த்தம். இன்றைக்கும் அது ஒரு நகரம், வரைபடத்தில் இருக்கிறது. விலக்கை மீறியவளைத் தண்டிக்கவில்லை, அவள் சொன்ன வார்த்தையை ஊருக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

நானி ஃப்ளவர்ஸ் சொல்கிற இன்னொரு பெயர் மிஹி கோத்துக்குத்துக்கு. இவர் புராணம் இல்லை, 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஙாத்தி போரோவுக்கு அடுத்த தே ஃபானாவ்-ஆ-அப்பானுயி இனத்தின் தலைவி. ரோட்டருவா பக்கம் ஆராவா இனத்தார் ஊரில் ஒரு கூட்டம். அந்த இனத்தில் மன்றத்து முற்றத்தில் பெண்கள் பேசுவது வழக்கம் இல்லை. மிஹி எழுந்து பேசத் தொடங்கியதும் அங்கிருந்த தலைவர் உட்காரச் சொல்லிக் கத்தியிருக்கிறார். மிஹி பேசி முடித்தார். முடித்துவிட்டு, வம்சாவளியில் தன் வழி உங்கள் வழியைவிட மூத்தது என்பதையும், நீங்கள் எல்லோரும் ஒரு பெண்ணிடமிருந்துதான் வந்தீர்கள் என்பதையும், அவர்கள் மறக்கவே முடியாத ஒரு சைகையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார். சைகை என்னன்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க.

இப்போது நியாயமாக ஒன்றைச் சொல்லியாகணும். பழைய மாவோரிச் சமூகம் பெண்கள் ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை. தலைமை வழக்கமாக மூத்த மகனுக்குத்தான் போனது. பெரும்பாலான இனங்களில் முற்றத்தில் சொற்பொழிவு ஆற்றுவது ஆண்கள் வேலை. கோரோ இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்றும் பார்க்கவேண்டும். விருந்தாளிகள் வந்தால், ஊர்ப் பெண் ஒருத்தி கரங்கா என்கிற அழைப்பைப் பாடினால்தான் உள்ளே காலெடுத்து வைக்க முடியும். ஆண் பேசி முடித்ததும் பெண்கள் எழுந்து பாட்டுப் பாடி அந்தப் பேச்சுக்கு முத்திரை வைப்பார்கள். ஒருத்தர் அளவுக்கு மீறிப் பேசினாலோ, தப்பாகப் பேசினாலோ, பாதியிலேயே பாட்டை ஆரம்பித்து அவரை உட்கார வைத்துவிடவும் பெண்களால் முடியும். மைக்கை அணைப்பது மாதிரிதான். ஙாத்தி போரோவிலும் அதன் அண்டை இனங்களிலும் உயர்குலத்துப் பெண்கள் அதையும் தாண்டி, எழுந்து நின்று பேசவே செய்தார்கள். சண்டையிலும் அப்படித்தான். படத்தில் தாயாஹா என்கிற போர்க்கோலைப் பெண் தொடக்கூடாது என்று கோரோ பேத்தியை விரட்டுகிறார். 1864இல் ஓராக்காவ் கோட்டையை பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டபோது உள்ளே பெண்களும் இருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் வெளியே அனுப்புங்கள், தொட மாட்டோம் என்று படைத்தரப்பு சொன்னபோது அஹுமாய் தே பாயிராத்தா என்ற பெண், ஆண்கள் சாவதென்றால் நாங்களும் சேர்ந்தே சாகிறோம் என்று பதில் சொல்லி அனுப்பினார். அவர் உடம்பில் குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பினார்.

அப்படியானால் இந்த இறுக்கம் எங்கிருந்து வந்தது?

1840இல் வைதாங்கி ஒப்பந்தம். பிரிட்டிஷ் அரசியோடு மாவோரித் தலைவர்கள் செய்துகொண்டது. தீவு முழுக்க எடுத்துச்சென்று 500க்கும் மேற்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பத்துக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். இன்னும் அதிகமாக இருந்திருக்கும், சில இடங்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பெண்ணிடம் கையெழுத்து வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களை அனுப்பியதே விக்டோரியா என்கிற பெண்தான் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு வந்தது சட்டம். மாவோரி வழக்கத்தில் பெண் கல்யாணம் செய்துகொண்டாலும் பிறந்த குலத்து நிலத்தில் அவள் உரிமை போகாது, அவள் அந்தக் குலத்தின் ஆள்தான். ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணம் ஆனதும் மனைவியின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும். 1884இல்தான் நியூசிலாந்தில் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்து அது மாறியது. இடைப்பட்ட காலத்தில், 1865இல் தொடங்கிய நிலநீதிமன்றம் குலத்தின் கூட்டு நிலத்தைத் தனித்தனி ஆட்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டே போனது. மதப்பணியாளர்கள் பள்ளிகளில் மாவோரிப் பெண்களுக்கு வீட்டு வேலைதான் பாடம். வழக்கங்களையும் புராணங்களையும் எழுதிவைக்க வந்த ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் ஆண்களிடம் கேட்டு, ஆண்கள் சொன்னதை எழுதினார்கள். பிறகு அந்தப் புத்தகமே 'மரபு' ஆகிவிட்டது. மாவோரிச் சட்ட அறிஞர் ஆனி மிக்காயிரே 1990களிலிருந்து விரிவாக எழுதிவருவது இதைத்தான். மாவோரிப் பெண்ணின் தாழ்ந்த நிலை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கப்பலேறி வந்தது என்பது அவர் வாதம். எல்லாமே கப்பலில் வந்தது என்று சொல்வது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கதவை இறுக்கிச் சாத்தியது அந்தக் காலம்தான் என்பதில் சந்தேகம் இல்லை.

அதற்கு ஒரு சாட்சி 1893. மாவோரிகள் தமக்கென்று நடத்திய கொத்தஹிதாங்கா நாடாளுமன்றத்தில், மேரி தே தாய் மாங்காக்காஹியா என்கிற இளம்பெண் வந்து பேசினார். பெண்களுக்கு வாக்குரிமை கொடுங்கள் என்றார், அதோடு நிற்காமல் உறுப்பினர்களாக உள்ளே உட்காரவும் விடுங்கள் என்றார். அவர் சொன்ன காரணங்கள்தான் முக்கியம். எங்களில் நிலம் வைத்திருக்கும் பெண்கள் ஏராளம், அப்பாவோ கணவனோ இல்லாமல் நிலத்தை நிர்வகிப்பவர்கள் உண்டு, ஆண்கள் அரசிக்கு அனுப்பிய மனுக்களால் பலன் இல்லை, அரசியும் பெண், பெண்கள் சொன்னால் ஒருவேளை கேட்கலாம் என்றார். அதே வருஷம் செப்டம்பரில் நியூசிலாந்து நாடு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை வர 1919 ஆனது.

இப்போது கோரோவிடம் திரும்பலாம். அவரை வில்லனாகப் பார்த்தால் படமே வீண். அவர் வாழ்ந்த காலத்தைப் பாருங்க. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாவோரிகள் கூட்டம் கூட்டமாக நகரங்களுக்குப் போனார்கள், ஊர்கள் காலியாகின. பள்ளியில் மாவோரி பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறை அவருடையது. படத்தில் மூத்த மகன் ஜெர்மனியில் சிற்பம் செய்துகொண்டிருக்கிறான், இளையவன் குடித்துவிட்டுக் கிடக்கிறான், பாதி செதுக்கிய பெரும்படகு கடற்கரையில் அப்படியே கிடக்கிறது. கையில் இருந்ததெல்லாம் போய்க்கொண்டிருக்கும்போது மிச்சம் இருக்கும் ஒன்றை மனுஷன் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வான். மூத்த பேரன், திமிங்கிலப் பல், போர்க்கோல். பிடி இறுக இறுக, பிடித்திருப்பது சுருங்கிக்கொண்டே போகிறது. முன்னோர் வளைந்துகொடுத்த இடத்தில் கோரோவால் வளைய முடியவில்லை.

நாவல் வந்த 1987 வேறொரு விதத்திலும் முக்கியமான வருஷம். மாவோரி மொழி நாட்டின் அதிகாரபூர்வ மொழியானது அந்த வருஷம்தான். ஐந்து வருஷம் முன்னால் 1982இல் கோஹாங்கா ரேயோ என்று மொழிக்கூடுகள் தொடங்கியிருந்தார்கள், குழந்தைகளுக்குப் பாட்டிகள் மாவோரியிலேயே பேசி வளர்க்கிற பாலர் பள்ளிகள். கோரோ கடற்கரையில் பையன்களை மட்டும் உட்காரவைத்துப் பள்ளி நடத்துகிறார். நிஜத்தில் மொழியைக் காப்பாற்றிய பள்ளியை முன்னின்று நடத்தியதில் பெரும்பங்கு பெண்களுடையது. நில உரிமைக்காக 1975இல் வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டன் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஃபினா கூப்பருக்கு அப்போது வயது 79.

படம் உலகம் சுற்றியது. டொராண்டோவிலும் சண்டான்ஸிலும் பார்வையாளர் விருது. பைக்கேயாவாக நடித்த கீஷா காசில்-ஹியூஸ் 13 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார், அந்தப் பிரிவில் அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாரும் பெற்றதில்லை. பள்ளி மேடையில், தாத்தாவுக்காகப் போட்ட நாற்காலி காலியாக இருக்க, அழுதுகொண்டே அந்தப் பெண் பேசுகிற காட்சிக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் ஙாத்தி போரோவைச் சேர்ந்த அறிஞர் டானியா காய் உட்பட மாவோரி விமர்சகர்கள் சிலர் கசப்போடு கேட்டார்கள்: பெண் தலைமைக்குப் பேர்போன கடற்கரையை, பெண் தலைமையையே அறியாத ஊராக உலகத்துக்குக் காட்டிவிட்டீர்களே? இயக்குநர் மாவோரி அல்ல என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நாவலில் பாட்டி வாயிலிருந்த முரிவாயும் மிஹியும் படத்தில் காணாமல் போனதால்தான் சிறுமி தன்னந்தனியாக மரபை எதிர்க்கிறவளாகத் தெரிகிறாள். அவர்கள் இருந்திருந்தால், மரபின் இரண்டு பக்கங்களில் தாத்தா ஒன்றையும் பேத்தி இன்னொன்றையும் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தெரிந்திருக்கும். எனக்கு இந்த விமர்சனம் சரியாகவே படுகிறது. அதேநேரம், ஃபாஙாரா மக்கள் தங்கள் ஊரைத் தந்து, தாங்களே முகம் காட்டி எடுக்கவிட்ட படம் அது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோடணும்.

வைக்காத்தோ பக்கத்து அரசர் வழி 1858இல் தொடங்கியது. தே கானி-ஆ-தாக்கிராவ் வேண்டாம் என்று சொன்ன அந்தப் பதவிதான். 1966இல் முதல் முறையாக ஒரு பெண், தே அத்தாயிராஙிகாஹு, அரசியாகி 40 வருஷம் இருந்தார். 2006இல் அவர் மகன் தூஹெய்த்தியா வந்தார். அவர் 2024 ஆகஸ்டில் இறந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவர்கள் இருவரும் ஆண்கள். பதவி தானாக மூத்தவனுக்குப் போவதில்லை, தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கணும். தந்தையின் உடல் பெரும்படகில் கடைசிப் பயணம் புறப்படுவதற்கு முன், செப்டம்பர் 5 அன்று அவர்கள் அரியணையில் உட்காரவைத்தது கடைசிப் பிள்ளையை. பெயர் ஙா வாய் ஹோனோ இ தே போ. அப்போது அவருக்கு வயது 27.